ஆயிரம் டாலரும் பத்து இலட்சம் டாலரும்

கறுப்பின மக்களைப் பற்றி ஆராய்வதற்கென்று பல்கலைக் கழகத்திலே தனியாக ஒரு மையம் எதற்கு? வரலாறு என்றால் எல்லோருக்கும் பொதுவான வரலாறு இல்லையா? கறுப்புக்கு ஒரு வரலாறு, வெள்ளைக்கு ஒரு வரலாறு என்று பிரிக்கலாமா? அமெரிக்காவிலே இந்தக் கேள்வியைக் கேட்போர் அரை நூற்றாண்டுக்கு முன்பும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அன்று கேட்டவர்கள் பல்கலைக் கழக நிர்வாகிகள். இன்று கேட்பவர்களோ ஆட்சிக் கட்டிலில் அமர்ந்திருப்பவர்கள். அன்று கேள்வி மட்டும் இருந்தது. இன்று கேள்வியோடு கத்தரிக்கோலும் இருக்கிறது, நிதியை வெட்ட!

இந்தக் கேள்விக்கு வாதத்தால் விடை சொல்லலாம். அதைவிடக் கணக்கால் விடை சொல்வது மேல் என்று கருதுகிறோம். ஏனெனில், எந்த மையத்தின் கணக்கைப் பார்க்கப் போகிறோமோ, அதன் தொழிலே கணக்குக் கேட்பதுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே, கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்திலே இருக்கிறது அந்த மையம். ரால்ப் பன்ச் பெயரைத் தாங்கியது. பெயரிலிருந்தே கணக்கைத் தொடங்குவோம்.

யார் இந்த ரால்ப் பன்ச்? அடிமையாய்ப் பிறந்த ஒரு பாட்டியின் பேரன். பெற்றோரை இளமையிலேயே இழந்தவன். பாட்டியின் அரவணைப்பிலே லாஸ் ஏஞ்சல்சில் வளர்ந்தவன். பத்திரிகை விற்றான், பள்ளியில் முதல்வனாய்த் தேறினான். பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்தது. விளையாட்டுத் திறமைக்காகக் கிடைத்த உதவித்தொகை படிப்புச் செலவுக்கு ஆயிற்று. கைச் செலவுக்கு? துடைப்பம் பிடித்தான். கட்டடங்களைக் கூட்டிப் பெருக்கி, அந்தக் கூலியிலே படித்து, 1927-இல் தன் வகுப்பின் முதல் மாணவனாக வெளியே வந்தான்.

மேற்படிப்புக்கு ஹார்வர்டு பல்கலைக் கழகம் அழைத்தது, உதவித்தொகையும் தந்தது. ஆனால் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்ல வேண்டும். அங்கே தங்க வேண்டும், உண்ண வேண்டும். அப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் கறுப்பின மக்கள் என்ன செய்தார்கள்? தங்களுக்குள்ளே பணம் திரட்டினார்கள். ஆயிரம் டாலர்! அந்தக் காலத்து ஆயிரம் டாலர், அந்தப் பேட்டையிலே, அவ்வளவு எளிதாகச் சேரும் தொகையல்ல. ஆனாலும் சேர்ந்தது. பிள்ளை ரயிலேறினான்.

அந்தப் பிள்ளைதான் 1934-இல் அமெரிக்காவிலே அரசியல் துறையில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் 1949-இல் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் இடையே போர் நிறுத்த உடன்பாடுகளை உண்டாக்கினார். 1950-இல் சமாதானத்துக்கான நோபெல் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்று உலகம் அவரைப் போற்றிற்று.

ஆக, பல்கலைக் கழகம் ஏழைகளுக்குக் கொடுத்ததாக மட்டும் யாரும் கணக்கெழுத வேண்டாம். ஏழைகள் பல்கலைக் கழகத்துக்குக் கொடுத்ததும் இருக்கிறது. பேட்டை முதலில் கொடுத்தது. பல்கலைக் கழகம் அதற்குக் கடன்பட்டது. அந்தக் கடனைத் திருப்பித் தருகிற இடமாக இருந்தால்தான் இந்த மையத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும். பெயர் சூட்டியது 2003-இல். ஆனால் மையம் பிறந்தது அதற்கு முன்பே, 1969-இல். பிறந்த கதையோ கண்ணீரும் குருதியும் கலந்த கதை.

அதற்கு முன்னே, ஒரு வார்த்தை. பல்கலைக் கழகங்கள் கதவைத் திறக்கும் வரையில் கறுப்பின அறிஞர்கள் கைகட்டிக் காத்திருக்கவில்லை. கார்ட்டர் உட்சன் என்ற பெருமகன், அடிமைகளாய் இருந்தவர்களின் மகன், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர், 1912-இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். 1915-இல் தம் இனத்தின் வரலாற்றை ஆராயச் சங்கம் கண்டார். 1916-இல் அதற்கென ஏடு தொடங்கினார். 1926-இல் பிப்ரவரித் திங்களில் ஒரு வாரத்தை வரலாற்று வாரமாக்கினார். அந்த வாரமே இன்று மாதமாக வளர்ந்திருக்கிறது. ‘உனக்கு வரலாறே இல்லை’ என்று சொன்னவர்களுக்கு முன்னே, ஆவணங்களைக் குவித்துக் காட்டினார் அவர். பள்ளி ஆசிரியரும் பாதிரியாரும் சாதாரணத் தொழிலாளரும் படிக்கும்படி எழுத வேண்டும் என்பது அவர் கொண்ட கொள்கை. ஆராய்ச்சி ஒரு கையிலும், ஊருக்குச் சொல்வது மறு கையிலும் என்ற முறை, பல்கலைக் கழகம் கண்டுபிடித்ததல்ல. உட்சன் போட்ட பாதை.

1968 வந்தது. மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் திங்களிலே சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் உலகம் கொந்தளித்தது. நவம்பர் 6-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் கறுப்பின மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். மெக்சிக வழியினர், ஆசிய வழியினர், அமெரிக்கப் பழங்குடியினர் என்று மற்றவரும் தோள் கொடுத்தனர். போலீசுத் தடியடி, நூற்றுக்கணக்கில் கைது, ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நீடித்தது போராட்டம். 1969 மார்ச்சில் முடிந்தபோது, கறுப்பின ஆய்வுத் துறையும் இன ஆய்வுகளுக்கெனத் தனிக் கல்லூரியும் அங்கே உறுதியாயின.

லாஸ் ஏஞ்சல்சிலும் அதே ஆண்டு மையம் அமைக்க ஒப்புக்கொண்டனர். யார் அதன் இயக்குநர்? மாணவர்களிடையே இருவேறு கருத்து, இருவேறு அமைப்புகள். 1969 ஜனவரி 17-ஆம் நாள், காம்பெல் மண்டபத்திலே இதைப் பற்றிப் பேசக் கூடிய இடத்திலே துப்பாக்கி வெடித்தது. கறுஞ்சிறுத்தைக் கட்சியைச் சேர்ந்த இரு மாணவர்கள் பிணமாயினர். அல்ப்ரண்டிஸ் கார்ட்டருக்கு வயது 26. ஜான் ஹகின்சுக்கு வயது 23. சுட்டவர்கள் எதிர் அமைப்பினர். அவர்களும் கறுப்பினத்தவரே! அந்தோ, உரிமை கேட்டு எழுந்தவர்கள் ஒருவரையொருவர் வீழ்த்திக்கொண்ட கொடுமை!

தானாக மூண்டதா இந்தப் பகை? அமெரிக்க சர்க்காரின் புலனாய்வுத் துறையான எப்.பி.ஐ., இவ்விரு அமைப்புகளுக்குமிடையே பகையை வளர்ப்பதையே 1968 முதல் ஒரு திட்டமாக வைத்திருந்தது என்பதை 1976-இல் செனட் சபையின் விசாரணைக் குழுவே வெளியிட்டது. போலிக் கடிதங்கள், கேலிச் சித்திரங்கள்: இவன் எழுதியது போல் அவனுக்கு, அவன் வரைந்தது போல் இவனுக்கு! பிரித்தாளும் வித்தை வெள்ளையன் நம் நாட்டில் மட்டும் காட்டியதல்ல. சுட்ட கை சுட்டவனுடையதே. அந்தப் பொறுப்பிலிருந்து எவரும் தப்ப முடியாது. ஆனால் நெருப்பிலே நெய் ஊற்றியவர்களின் பொறுப்பும் வரலாற்றிலே பதிந்துவிட்டது. அந்தக் குருதியின் மீது எழுந்த மையம் அது. அதை மறந்துவிட்டு, ‘ஏதோ ஒரு துறைக்குச் சலுகையாகக் கொடுத்த நாலு அறை’ என்று பேசுவது அறியாமை. அல்லது அறிந்தே செய்யும் அநீதி.

சரி, பிறந்த மையம் என்ன செய்தது?

எந்த ஆய்வு மையமும் ஆண்டு முடிவிலே ஓர் அறிக்கை வைக்கும். இத்தனை சொற்பொழிவுகள், இத்தனை நூல்கள், இத்தனை மாணவருக்கு உதவித்தொகை, நூலகத்துக்கு இத்தனை சேர்க்கை என்று பட்டியல் இருக்கும். இவையெல்லாம் வேண்டியவையே, குறை சொல்லவில்லை. ஆனால் அறிக்கையைப் பேட்டையிலே வாழும் ஒரு தாயிடம் படித்துக் காட்டினால், ‘இதில் எனக்கென்ன?’ என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறதா என்பதுதான் உரைகல். பன்ச் மையத்திலே அதற்கு விடை இருக்கிறது.

2016-இல் வரலாற்றுப் பேராசிரியர் கெல்லி லைட்டில் எர்னாண்டஸ் தலைமையிலே ஒரு பணி தொடங்கிற்று. ‘பத்து இலட்சம் டாலர் பேட்டைகள்’ என்று பெயர். இதென்ன, பணக்காரர் குடியிருப்பா என்று கேட்கத் தோன்றும். இல்லை! பேட்டையில் வாழ்பவர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்து வைப்பதற்காக ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலருக்கு மேல் சர்க்கார் எந்தெந்தப் பேட்டைக்குச் செலவிடுகிறது என்று காட்டும் வரைபடம் அது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரச் சிறைகள் அமெரிக்காவிலேயே மிகப் பெரிய சிறை அமைப்பு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

எப்படிச் செய்தார்கள்? பொது ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமை கலிபோர்னியாச் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்திப் போலீசின் கைதுப் பதிவுகளைக் கேட்டார்கள். கைதானவர் எந்தப் பகுதி, என்ன குற்றச்சாட்டு, எத்தனை நாள் உள்ளே என்று கணக்கிட்டு, ஒரு நாள் சிறைச் செலவால் பெருக்கினார்கள். பேராசிரியர்கள் மட்டுமல்ல, மாணவர்கள் உட்கார்ந்தார்கள், பேட்டைவாசிகள் உட்கார்ந்தார்கள், சிறை சென்று மீண்டவர்களும் உட்கார்ந்தார்கள். எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை அவர்களும் சேர்ந்தே தீர்மானித்தார்கள். நோயாளியைக் கேட்காமல் நோயைப் பற்றி நூல் எழுதும் வழக்கத்துக்கு விடை கொடுத்தார்கள்.

கணக்கு என்ன சொல்லிற்று? ஜாமீன் விவகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டுகளில் அங்கே கைதானவர் வழக்கு முடியும் வரை வெளியே இருக்க வேண்டுமானால் பெரும்பாலும் ஜாமீன் தொகை கட்ட வேண்டியிருந்தது. கையில் பணமில்லாதவர் ஜாமீன் முகவரிடம் போவார். முகவர் தம் கட்டணமாக அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு வரை வாங்கிக்கொண்டு பொறுப்பேற்பார். அந்தப் பணம் திரும்பி வராது. குற்றமற்றவர் என்று தீர்ப்பானாலும் வராது. வழக்கே போடாமல் விட்டுவிட்டாலும் வராது! 2012 முதல் 2016 வரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீசார் கைது செய்தவர்களுக்கு விதித்த ஜாமீன் மொத்தம் 1,900 கோடி டாலருக்கு மேல். கட்ட முடியாமல் உள்ளேயே கிடந்தவர்களே பெரும்பாலோர். கட்டியவர்கள் முகவர்களுக்குக் கொடுத்து இழந்தது 19 கோடி டாலருக்கு மேல். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவரிடமிருந்தும் லத்தீன் அமெரிக்க வழியினரிடமிருந்தும் போனது. புரட்டிக் கொடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள். தாய்மார்கள், மனைவிமார்கள், பாட்டிமார்கள்.

வாசகர்களே, இங்கே சற்று நிறுத்தி எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்திலே அந்த மக்கள் பணம் திரட்டினார்கள், பிள்ளையைப் பல்கலைக் கழகத்துக்கு அனுப்ப. பிற்காலத்திலே அந்த மக்களே பணம் திரட்டுகிறார்கள், பிள்ளையைச் சிறையிலிருந்து மீட்க. அன்று அவர்கள் கொடுத்த ஆயிரம் டாலர் ஒரு நோபெல் பரிசை நாட்டுக்குத் தந்தது. சர்க்கார் அவர்கள் பேட்டையிலே செலவிடும் பத்து இலட்சம் டாலரோ, பிள்ளைகளை உள்ளே தள்ளிப் பூட்டத்தான் பயன்படுகிறது. ‘ஏழைகளுக்குச் செலவிடப் பணமில்லை’ என்று இனி எவரும் சொல்ல முடியாது. பணம் இருக்கிறது, போகிற வழிதான் கோணல். இதைக் கண்டு சொன்னது எது? ‘எதற்கு’ என்று கேட்கப்படுகிறதே, அந்த மையம்தான்!

பள்ளிக்கூடத்தையும் அவர்கள் விடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிகளுக்கென்று தனிப் போலீசு இருக்கிறது. 2018-இல் வெளியிட்ட ஆய்விலே, மாணவர் தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கறுப்பினப் பிள்ளைகள், பள்ளிப் போலீசின் கைதுகளிலும் வழக்குகளிலும் நான்கில் ஒரு பங்கு என்று காட்டினார்கள். எண்கள் வெளிவந்ததும் மாணவர்களும் பெற்றோரும் சும்மா இருக்கவில்லை. பல ஆண்டுகளாக அவர்கள் நடத்திவந்த கிளர்ச்சிக்கு ஆதாரம் சேர்ந்தது. 2020-இல் பள்ளி வாரியம் அந்தப் போலீசின் நிதியில் இரண்டரைக் கோடி டாலரை வெட்டிற்று; அடுத்த ஆண்டு கறுப்பின மாணவரின் கல்வி மேம்பாட்டுக்கென்று பணம் ஒதுக்கிற்று. கிளர்ச்சி செய்தவர்கள் மக்கள். அவர்கள் கையில் இருந்த ஆயுதங்களில் அந்த அறிக்கையும் ஒன்று.

தன் வீட்டையும் தட்டிக் கேட்ட மையம் இது என்பதையும் சொல்ல வேண்டும். 1996-இல் கலிபோர்னியா மாநில வாக்காளர்கள் 209-ஆம் எண் தீர்மானத்தின் மூலம் பொதுக் கல்வியிலே இனத்தைக் கருதி வாய்ப்பளிப்பதைத் தடை செய்தனர். விளைவு? பத்தாண்டு கழித்து 2006-இல் அப்பல்கலைக் கழகத்தின் முதலாண்டு வகுப்பிலே சேர வந்த ஏறத்தாழ 4,800 பேரில் கறுப்பின மாணவர் 96 பேர்! ரால்ப் பன்ச் படித்த இடத்திலே, இலட்சக்கணக்கில் கறுப்பின மக்கள் வாழும் வட்டாரத்திலே, 96 பேர்! மையத்தின் ஆய்வாளர்கள் சேர்க்கை முறையை அலசி அறிக்கைகள் வெளியிட்டனர், மாணவர்கள் கிளர்ந்தனர், ஊர்ப் பெரியவர்களும் பழைய மாணவர்களும் நிர்வாகத்தைச் சூழ்ந்தனர். மதிப்பெண்ணை மட்டும் தனியே நிறுக்காமல், எந்தச் சூழலில் படித்து அந்த மதிப்பெண்ணைப் பெற்றார் என்று முழு விண்ணப்பத்தையும் ஒருசேரப் பார்க்கும் முறை வந்தது. அடுத்த ஆண்டே தொகை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. உதவித்தொகைக்கோ, பழைய மாணவர்கள் பணம் திரட்டினர். மீண்டும் அதே காட்சி: சட்டம் கதவடைத்த இடத்திலே சமுதாயம் உண்டியல் ஏந்துகிறது.

‘இது ஆராய்ச்சியா? இது அரசியல்!’ என்று சிலர் முகஞ்சுளிப்பர். போலீசு தன் கையால் எழுதிய பதிவேட்டை எடுத்துக் கூட்டிக் காட்டுவது அரசியல் என்றால், அந்தப் பதிவேட்டைப் பூட்டி வைப்பது என்ன, ஆன்மிகமா? கூட்டலில் பிழை இருந்தால் சுட்டட்டும். கூட்டியதே குற்றம் என்பது கணக்கனைக் கண்டு அஞ்சும் காரியக்காரனின் பேச்சு.

அதே நேரத்தில் மையத்தாருக்கும் நாம் ஒன்று சொல்வோம். பேட்டைக்குப் போவது என்றால், குறிப்பேடும் கையுமாகப் போய்த் துயரத்தை அள்ளிவந்து, பட்டம் பெற்று, பதவி உயர்வு பெற்று, மீண்டும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காத அறிஞர்களை அந்த மக்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத ஆராய்ச்சி, நாகரிகமான சுரண்டல். ஆகவே ஆண்டுதோறும் அறிக்கையின் முதற் பக்கத்திலே, எத்தனை கட்டுரை என்பதற்கு முன்னே, எந்த உண்மையை எந்தப் பேட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம் என்று எழுதட்டும். உட்சனின் வழி அதுதான்.

இத்தகைய பணிக்குத்தான் இன்று சோதனை வந்திருக்கிறது. 2023 ஜனவரியில் புளோரிடா மாநிலம், உயர்நிலைப் பள்ளிகளுக்கான ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுப் பாடத்தை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு ஜூன் 29-இல் உச்சநீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையிலே இனத்தைக் கருத்தில் கொள்வது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2025-இல் அதிபர் டிரம்ப் பதவியேற்றதும் பன்மைத்துவத் திட்டங்களை ஒழிக்க ஆணையிட்டார். மார்ச்சில் வந்த மற்றோர் ஆணை, அருங்காட்சியகங்கள் நாட்டின் வரலாற்றைச் சொல்லும் முறையையே கண்டித்தது. கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்தையும் பெயர் குறித்துச் சாடிற்று. அந்தக் கோடையில் இதே லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக் கழகத்தின் 58 கோடி டாலர் ஆராய்ச்சி மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. யூத மாணவர்களுக்கெதிரான பகைமையைத் தடுக்கத் தவறியது, சேர்க்கையில் இனம் பார்த்தது என்றெல்லாம் குற்றம் சாட்டினர். மாணவர் எவருக்கும் எதிரான பகைமை எங்கிருந்தாலும் தடுக்கப்பட வேண்டியதே. ஆனால் அதற்கு மருத்துவ ஆராய்ச்சியின் கழுத்தையா நெரிப்பது? நீதிமன்றம் தலையிட்டுப் பெரும் பகுதியை மீட்டுக் கொடுத்தது. பெரும் பல்கலைக் கழகத்துக்கே இந்தக் கதி என்றால், மானியத்தை நம்பி வாழும் சிறு மையங்களின் நிலையைச் சொல்ல வேண்டுமா? வெட்டு விழாவிட்டாலும் வெட்டு விழுமோ என்ற அச்சமே பல பேனாக்களை மூடவைக்கும். அதுதான் ஆபத்து.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். அந்த மக்களுக்கும் இந்நாட்டில் ஒடுக்கப்பட்டோருக்கும் உள்ள உறவு இன்று நேற்றையதல்ல. மகாத்மா புலே 1873-இல் எழுதிய ‘குலாம்கிரி’ நூலை, அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். 1946-இல் டாக்டர் அம்பேத்கர், கறுப்பினப் பேரறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். அவரும் மறுமொழி எழுதினார். உட்சன் தம் ஏட்டைத் தொடங்கிய அதே 1916-ஆம் ஆண்டின் இறுதியிலேதான், சென்னையிலே பிட்டி தியாகராயர் பார்ப்பனரல்லாதார் கொள்கை அறிக்கையை வெளியிட்டார். அந்த அறிக்கையின் வலிமை எதிலே இருந்தது? எண்ணிக்கையிலே! எந்த உத்தியோகத்தில் யார் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டியதிலே. எண்ணிப் பார்க்காதே என்று ஆதிக்கக்காரர் அன்றும் சொன்னார்கள். இன்று சாதிவாரிக் கணக்கு என்றால் துடிப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். எண்ணினால் உண்மை தெரியும். உண்மை தெரிந்தால் உரிமை கேட்பார்கள். ஆகவே எண்ணாதே! இரு கண்டத்துக்கும் ஒரே பல்லவி.

ஆகவே பன்ச் மையத்தின் ஒவ்வோர் ஆண்டு வேலையையும் நாம் அயலார் வேலை என்று பார்க்கவில்லை. அடிமையாய்ப் பிறந்த பாட்டி ஒருத்தி பேரனைப் படிக்க வைத்தாள். ஊர் கூடி ஆயிரம் டாலர் கொடுத்தது. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. மையம் தவணை தவணையாகத் தீர்த்து வருகிறது: ஒரு வரைபடமாக, ஒரு ஜாமீன் கணக்காக, பள்ளி வாயிலில் குறைந்த ஒரு போலீசுக்காரராக, வகுப்பிலே கூடிய ஒரு மாணவியாக. கடனைத் திருப்பித் தருகிறவன் கையைப் பிடித்து நிறுத்தும் ஆட்சியை என்னவென்று சொல்வது?

நிதியை வெட்டலாம், நூலைத் தடுக்கலாம், அறையைப் பூட்டலாம். 1915-இல் அவர்களுக்கு நிதியும் இல்லை, அறையும் இல்லை. ஆனாலும் வரலாற்றை எழுதினார்கள். எண்ணத் தெரிந்துகொண்ட மக்களிடம், எண்ணியதை மறந்துவிடு என்று எந்த ஆணையாலும் சொல்ல முடியாது. கணக்கு நடக்கட்டும்! கடைசி வரி எழுதப்படும் நாள் வரை நடக்கட்டும்!